எட்டுக் காம்பரா, மூன்று பூட்டு

வணக்கம் நேயர்களே. உலகம் எப்படி நகரமாகி வருகிறது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். டோக்கியோவையோ டாக்காவையோ கண்டவனில்லை. நான் கண்டது ஹட்டன் பஸ் நிலையம்.

தீபாவளி முடிந்த ஞாயிறு இரவு அங்கே போய் நின்று பாருங்கள். கொழும்பு பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. ஒருவன் புறக்கோட்டைப் புடவைக் கடைக்கு, ஒருவன் செட்டியார் தெரு நகைக்கடைக்கு, இன்னொருவன் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைக்கு. பிள்ளைகள் சிலர் கட்டுநாயக்காவில் கார்மென்ட் வேலைக்கு. பையைத் திறந்தால் அம்மா சுட்ட ரொட்டியும் ஒரு போத்தல் கட்டச்சம்பலும் இருக்கும். கினிகத்தேனை இறக்கம் வருமுன்னே எல்லாரும் தூங்கிவிடுவார்கள். விடிந்ததும் கடை திறக்க வேண்டுமே. கொழும்பிலும் பலருக்குப் படுக்கை கடைக்குள்தான். ஷட்டரை இழுத்துவிட்டு, துணிக்கட்டுகளுக்கு நடுவே பாயை விரித்துக்கொள்வார்கள்.

1950இல் உலக மக்களில் நூற்றுக்கு 30 பேர்தான் நகரங்களில் இருந்தார்கள். 2007 அளவில் அது பாதியைத் தொட்டது. 2050இல் 68 ஆகும் என்று 2018இல் ஐ.நா. மதிப்பிட்டது. நம் நாட்டுக் கணக்கோ வேடிக்கையானது. 1981 குடிசன மதிப்பீட்டில் நகரவாசிகள் 21.5 வீதம், 2012இல் 18.2 வீதம். ஊர் உலகமெல்லாம் நகரத்துக்குப் போக, நாம் மட்டும் கிராமத்துக்குத் திரும்பினோமா? அப்படியில்லை. சிறு பட்டினங்களுக்கு இருந்த பட்டின சபைகளின் பகுதிகளை 1987 சட்டத்தோடு பிரதேச சபைகளில் சேர்த்தார்கள். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால்தான் இங்கே நகரம். மஸ்கெலியாவில் பஜார் இருக்கிறது, வங்கி இருக்கிறது, பின்னேரம் ரோட்டைக் கடக்க முடியாத நெரிசல் இருக்கிறது. இருந்தும் பிரதேச சபைக்குள் இருப்பதால் ஏட்டில் அது நகரமல்ல. (பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. கடும் வரட்சியில் கோயில் தலைகாட்டும்.)

தோட்டத்து ஆட்களான நம்மை நகரத்திலும் சேர்ப்பதில்லை, கிராமத்திலும் சேர்ப்பதில்லை. நமக்கென்று மூன்றாவது பெட்டி ஒன்று உண்டு: பெருந்தோட்டத் துறை. 2012இல் அது 4.4 வீதம்.

கிராமத்தான் நகரத்துக்குப் போனால் ஊரில் காணி அவன் பேரில் கிடக்கும். நமக்கு அப்படியா? லயம் என்ற வரிசை வீட்டில் நமக்குள்ள ஒற்றை அறைதான் காம்பரா; அது தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது தோட்ட வேலைக்குப் பேர் போட்டால்தான் காம்பரா கையில் நிற்கும் என்பது வழக்கம். அதனால் குடும்பம் இரண்டாகிறது. மகன் கொழும்பில் சம்பாதிக்கிறான். முழங்கால் வலியோடு அம்மா மலையேறிக் கொழுந்து எடுக்கிறாள். சம்பளத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள், பூட்டுக்கு உள்ளே இருக்கும் அந்த ஒற்றை அறைக்காகவும்தான். என் பக்கத்து லயத்தில் எட்டுக் காம்பராவில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. மூன்று திறப்பும் கடைசிக் காம்பராப் பாட்டியின் முந்தானையில். மழை பெய்தால் திறந்து, ஒழுகும் இடத்தில் சட்டி வைத்துவிட்டு வருவாள்.

இடம்பெயர்வது நமக்குப் புதிதா? தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தம் நம்மில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. எத்தனையோ லயங்கள் அப்போதும் பூட்டுப் பார்த்தவை. கொழும்புக்குப் போவதும் நேற்று வரை லேசாக இருக்கவில்லை. குடியுரிமை இல்லாதவன் கையில் அடையாள அட்டை கிடையாது. யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியில் நின்றவன் பட்டதை அவனே சொல்ல வேண்டும். குடியுரிமை தந்த 2003 சட்டத்தோடுதான் அந்தப் பாடு தீர்ந்தது.

'இளசுகள் தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது' என்று மேடைகளில் பேசுகிறார்கள். பேசுகிறவர்களின் பிள்ளைகள் தோட்டத்தில் இல்லை. என் பிள்ளைகளும் இல்லை, ஆகவே நான் அப்படிப் பேசுவதில்லை. 7 பேர்ச் காணியும் வீடும் கிடைத்தவர்களை எனக்குத் தெரியும். உறுதிப்பத்திரம் கையில் இருந்தால் அம்மா வேலையை விடலாம், மகன் போகலாம், வேண்டாமென்றால் திரும்பி வரலாம். திரும்ப ஓர் இடம் இருக்கிற தைரியத்தில் போகிறவனுக்கும், பூட்டைக் காப்பாற்ற அம்மாவை விட்டுவிட்டுப் போகிறவனுக்கும் ஐ.நா. கணக்கில் ஒரே புள்ளிதான்.

என்னிடம் படித்த ஒருவன் புறக்கோட்டையில் பதினைந்து வருடமாக வேலை செய்கிறான். வாக்கு இங்கே, பொகவந்தலாவையில். மகளை முதலாம் வகுப்பில் கொழும்பில் சேர்க்கப் பார்த்தான். வதிவிடச் சான்று கேட்டார்கள், வாக்காளர் இடாப்பில் பேர் இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைக்குள் படுப்பவனுக்கு ஏது வதிவிடம்? மனைவியும் மகளும் தோட்டத்திலேயே நின்றுவிட்டார்கள். போன மாதம் ஏதோ விண்ணப்பம் நிரப்ப என்னிடம் வந்தான். முகவரி என்ன எழுத என்று கேட்டேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தோட்டத்துப் பேரையே போடுங்க சேர். லயத்துக்கு நம்பர் இல்ல. காகிதம் தோட்ட ஆபீசுக்கு வரும், அம்மா காலையில வேலைப் பெரட்டுக்குப் போறப்ப எடுத்துக்கும்."

நன்றி நேயர்களே, வணக்கம்.