சந்தேகங்களுக்கு விளக்கம்: பாதி செக்அவுட்டில் பாஸ் ஆன டெஸ்ட்டை நம்பலாமா?

சரி, அடுத்த கேள்வி. இது வந்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் அப்படியே வாசித்துவிடுகிறேன். "எங்கள் டீமில் எல்லா ப்ராஜெக்ட்டும் ஒரே ரெப்போவில் இருக்கிறது. லேப்டாப்பில் இடம் போதாமல் கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் போட்டு எனக்கு வேண்டிய இரண்டு ஃபோல்டரை மட்டும் வைத்திருக்கிறேன். என்னிடம் டெஸ்ட் எல்லாம் பச்சை, சிஐ-க்குப் போனால் சிவப்பு. என் செக்அவுட் சரியாக இருக்கிறதா என்று எப்படி டெஸ்ட் செய்வது?"

புதியவர்களுக்கு ஒரு வரி: கிட் என்பது கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கிற கருவி, ரெப்போ அந்தச் சேமிப்பு, செக்அவுட் என்றால் அதிலிருந்து ஃபைல்களை டிஸ்க்கில் எடுத்து வைப்பது, ஸ்பார்ஸ்-செக்அவுட் என்றால் சிலதை மட்டும் எடுப்பது. சிஐ என்பது டெஸ்ட்களைத் தானாக ஓட்டிப் பார்க்கிற மெஷின். முதலில் அந்தப் பச்சையைப் பார்ப்போம். டெஸ்ட் ரன்னர் டிஸ்க்கில் இருக்கிற ஃபைல்களைத் தேடி ஓட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் எடுக்காத ஃபோல்டரில் இருக்கிற டெஸ்ட் ஃபெயில் ஆகாது, ஏனென்றால் அது ஓடவே இல்லை. வகுப்புக்கு வராத பையன் தப்பான பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அதனால் எத்தனை பாஸ் என்று பார்க்காதீர்கள், மொத்தம் எத்தனை ஓடியது என்று பாருங்கள். நீங்கள் மாற்றியது பொதுவான ஒரு லைப்ரரி, அதைப் பயன்படுத்துகிறவர்கள் வேறு ஃபோல்டரில் இருக்கிறார்கள் என்றால் சிஐ-யின் சிவப்புதான் உண்மை. உங்கள் செக்அவுட்டில் ஒரு குறையும் இல்லை, அது நீங்கள் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறது.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தெந்த ஃபோல்டரைக் கேட்டிருக்கிறீர்கள் என்று பார்ப்பது சுலபம், கிட் ஸ்பார்ஸ்-செக்அவுட் லிஸ்ட் என்று போட்டால் சொல்லிவிடும். வராத ஃபைல்களைக் கிட் எப்படி நடத்துகிறது? அதைத்தான் டெஸ்ட் செய்ய வேண்டும்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிற அந்த மூன்று இடங்கள் நினைவிருக்கும்: கமிட் (சேமித்து முடித்த நிலை), இண்டெக்ஸ் (அடுத்த கமிட்டுக்கான ஃபைல் பட்டியல்), டிஸ்க்கில் நீங்கள் வேலை செய்கிற ஃபோல்டர். இன்னொரு தடவை சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்ஸ்-செக்அவுட் கை வைப்பது மூன்றாவது இடத்தில். கமிட் எப்போதும் முழுசு. இண்டெக்ஸில் அந்த ஃபைலுக்கு ஸ்கிப்-வொர்க்ட்ரீ என்று ஒரு பிட், அதாவது ஒரு சின்னக் குறி, போட்டு, "இது டிஸ்க்கில் இல்லாவிட்டால் டெலீட் செய்துவிட்டார்கள் என்று நினைக்காதே" என்று குறித்து வைக்கிறது. கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் மைனஸ் டி (-t) போட்டுப் பாருங்கள், அப்படிப்பட்ட ஃபைல்களுக்கு முன்னால் எஸ் என்று வரும், மற்றவற்றுக்கு ஹெச். டிஸ்க்கில் இல்லாதது ரெப்போவில் இல்லாதது ஆகாது. இது பிடிபட்டால் பாதி சந்தேகம் போய்விடும்.

சப்வெர்ஷன் என்று கிட்டைப் போலவே இன்னொரு கருவி, அதைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். அங்கே 2008-ல் வந்த 1.5 பதிப்பிலேயே மைனஸ் மைனஸ் டெப்த் என்று கொடுத்துப் பாதி மரத்தை, அதாவது ஃபோல்டர்களில் ஒரு பகுதியை மட்டும், எடுக்க முடிந்தது. கிட்டில் ஒவ்வொரு கமிட்டும் முழு மரத்தின் படம், அதனால் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு முழுசுக்குக் கமிட் போடுவது கொஞ்சம் தந்திரமான வேலை. 2010-லேயே கிட் 1.7-ல் இந்த வசதி வந்துவிட்டது, ஆனால் கையால் பேட்டர்ன் எழுத வேண்டும், யாரும் தொடவில்லை. 2020 ஜனவரியில் 2.25 வந்தபோதுதான் தனிக் கட்டளையாக ஆனது.

சரி, டெஸ்ட். கிட்டை எழுதுகிறவர்கள் இதை எப்படி டெஸ்ட் செய்கிறார்கள் என்று பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். கிட்டின் சோர்ஸில் டி (t) என்ற ஃபோல்டருக்குள் டி1092 (t1092) என்று தொடங்கும் ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் இருக்கிறது. அது ஒரே ரெப்போவை மூன்று விதமாக எடுத்து வைக்கும்: முழு செக்அவுட், ஸ்பார்ஸ் செக்அவுட், அப்புறம் இண்டெக்ஸையும் சுருக்கிய ஸ்பார்ஸ் இண்டெக்ஸ். ஒரே கட்டளையை மூன்றிலும் ஓட்டும், மூன்றின் பதிலும் ஒன்றா என்று பார்க்கும். அதாவது பெரும்பாலும் சரியான விடை என்ன என்று யாரும் உட்கார்ந்து எழுதவில்லை, முழு செக்அவுட் சொல்வதுதான் விடை. இதைவிட நேர்மையான டெஸ்ட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

அதில் ஒரு குறும்பு. ஃபோல்டர்1 என்று ஒரு ஃபோல்டர் வைத்துவிட்டு, பக்கத்திலேயே அதே பெயரோடு கடைசியில் ஒரு சிறு கோடு சேர்த்து ஒரு ஃபைல், புள்ளி எக்ஸ் சேர்த்து ஒன்று, ஃபோல்டர்10 என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். எதற்கு? ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கிற ஆஸ்கி வரிசையில் சிறு கோடு 45, புள்ளி 46, ஸ்லாஷ் 47, பூஜ்ஜியம் 48. சுருக்கிய இண்டெக்ஸில் ஃபோல்டர்1 முழுவதும் ஸ்லாஷோடு முடிகிற ஒரே வரியாக நிற்கும், அப்போது அது இந்த ஃபைல்களுக்கு நடுவில் போய் உட்கார வேண்டும். வரிசையில் யாராவது ஒரு இடம் தப்பினால் உடனே மாட்டிக்கொள்வார்கள். இப்படி வேண்டுமென்றே தொந்தரவான பெயர் வைக்கிற ஆட்கள் எழுதிய டெஸ்ட்டை நம்பலாம்!

நீங்களும் அதையே செய்யலாம். லேப்டாப்பில் இடம் இல்லை என்கிறீர்கள், பரவாயில்லை, அந்த ஸ்க்ரிப்ட்டின் ரெப்போவே குட்டிதான். உங்கள் ரெப்போவின் ஃபோல்டர் அமைப்பை மட்டும் வைத்து ஒரு பொம்மை ரெப்போ செய்யுங்கள், அதை இரண்டாக க்ளோன் செய்யுங்கள், ஒன்றில் மட்டும் ஸ்பார்ஸ் போடுங்கள். அப்புறம் இரண்டிலும் ஒரே மாற்றம், ஒரே மெர்ஜ் (இரண்டு கிளைகளை இணைப்பது), ஒரே ரீபேஸ் (கமிட்களை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்குவது). கமிட்டின் ஹாஷை, அதாவது கிட் கணக்கிட்டுக் கொடுக்கிற அடையாள எண்ணை, ஒப்பிடாதீர்கள், நேரம் மாறினாலே அது மாறிவிடும். கமிட்டுக்குள் இருக்கிற ட்ரீயின் (ஃபோல்டர்-ஃபைல் மரத்தின்) ஹாஷை எடுங்கள், கிட் ரெவ்-பார்ஸ் கொடுக்கும். இரண்டு ட்ரீயும் ஒன்று என்றால் உங்கள் பாதி செக்அவுட் முழு ரெப்போவுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

சில இடங்களில் பதில் மாறும், மாறத்தான் வேண்டும். நீங்கள் எடுத்த ஃபோல்டர்களுக்கு வெளியே இருக்கிற ஃபைலைக் கிட் ஆட் செய்தால் (அடுத்த கமிட்டில் சேர்த்தால்) 2.34-லிருந்து மறுத்துவிடும், மைனஸ் மைனஸ் ஸ்பார்ஸ் கொடுத்தால்தான் ஒப்புக்கொள்ளும். கிட் க்ரெப் டிஸ்க்கில் எடுத்ததில் மட்டும் தேடும், மைனஸ் மைனஸ் கேஷ்டு கொடுத்தால் எல்லாவற்றிலும் தேடும். மெர்ஜில் வெளியே இருக்கிற ஃபைலில் கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் இரண்டு மாற்றம் மோதுவது) வந்தால் அது திடீரென்று டிஸ்க்கில் வந்து நிற்கும். பயப்படாதீர்கள், தீர்த்துக் கமிட் செய்துவிட்டு ஸ்பார்ஸ்-செக்அவுட் ரீஅப்ளை போட்டால் போய்விடும்.

இதைச் சொல்லும்போது ஒரு கதை. ஒரு அலுவலகத்தில், பெயர் வேண்டாம், ஒருவர் ஃபோல்டரைக் காணோம் என்று பதறிப்போய்ப் பக்கத்து சீட்காரரிடமிருந்து ஜிப் வாங்கி அங்கேயே விரித்துவிட்டார். அது பல வாரம் பழைய ஜிப். டிஸ்க்கில் ஃபைல் வந்துவிட்டால் அந்த ஸ்கிப் பிட்டைத் தானாகவே எடுத்துவிடுகிற வழக்கம் 2.36-ல் வந்தது, இவரிடம் இருந்தது அதற்குப் பிந்திய கிட். கிட் ஸ்டேட்டஸில் நூற்றுக்கணக்கில் "மாடிஃபைட்". மனிதர் அதைப் படித்தாரா? மாறியதையெல்லாம் மொத்தமாகச் சேர்க்கிற கமிட் மைனஸ் ஏ (-a) போட்டுவிட்டார். மற்றவர்கள் செய்த வேலையெல்லாம் பின்னால் போய்விட்டது. ரெவர்ட் செய்து சரிசெய்தார்கள், ஆனால் அன்று மதியம் அங்கே யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. மறுபடியும் அதேதான்: டிஸ்க்கில் இல்லாதது ரெப்போவில் இல்லாதது ஆகாது.

இன்னொன்று, ஸ்பார்ஸ் செக்அவுட்டையும் பார்ஷியல் க்ளோனையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். க்ளோன் செய்யும்போது ஃபில்டர் என்று ப்ளாப்-நன் (--filter=blob:none) கொடுத்திருந்தால் ஃபைலின் உள்ளடக்கமே உங்களிடம் முழுதாக இருக்காது, தேவைப்படும்போது செர்வரிலிருந்து எடுத்துவரும். இதற்கு டெஸ்ட் ரொம்ப எளிது: வைஃபையை அணைத்துவிட்டு, பழைய மாற்றங்களை உள்ளடக்கத்தோடு காட்டுகிற கிட் லாக் மைனஸ் பி (-p) போடுங்கள், எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, இந்தக் கட்டளையின் உதவிப் பக்கத்திலேயே இது சோதனை நிலையில் இருக்கிறது, நடத்தை மாறலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தேர்ந்தெடுத்த ஃபோல்டர்களை முழுதாக எடுக்கிற கோன் முறை 2.37-ல்தான் இயல்பாக ஆனது. அதனால் உங்கள் லேப்டாப்பிலும் சிஐ மெஷினிலும் கிட் மைனஸ் மைனஸ் வெர்ஷன் என்ன சொல்கிறது என்று பார்த்துக் கமெண்ட்டில் போடுங்கள், இரண்டுக்கும் இடையில் 2.34, 2.36, 2.37 இதில் எதுவாவது வருகிறதா என்று பார்க்கலாம்.