ரிப்பீட் ஆர்டர் வரட்டும்

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூரில் முப்பது வருடங்களுக்கு மேல் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்த்தவன் நான். போன மாதம் அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது என் தங்கை மகன் கேட்டான்: "மாமா, ஏஐ கம்பெனி, பேட்டரி கம்பெனி ஷேரெல்லாம் ஏறிட்டே இருக்குதுங்க. இப்ப உள்ள போலாமுங்களா, லேட்டாயிருச்சுங்களா?"

அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

நம் ஊரில் பையர், அதாவது மொத்தமாகத் துணி வாங்கும் வியாபாரி, முதலில் சாம்பிள் கேட்பார். சாம்பிள் பிடித்துப்போனால் சின்னதாக ஓர் ஆர்டர் கொடுப்பார். அதை நம்பி எந்த முதலாளியும் பேங்கில் கடன் வாங்கிப் புது மிஷின் இறக்குவதில்லை. அதே பையர் இரண்டாவது முறை, விலை குறைக்காமல் வந்து கேட்டால், அதுதான் ரிப்பீட் ஆர்டர். அப்போதுதான் மிஷின் பேச்சே வரும். புதிய தொழில்நுட்பக் கம்பெனியில் பணம் போடவும் அந்த நேரம்தான் சரி என்பது என் கணிப்பு. பத்திரிகையில் வரும் செய்தியும் மேடையில் காட்டும் செயல்விளக்கமும் சாம்பிள் மட்டுமே. தள்ளுபடி கொடுத்துச் சேர்த்த வாடிக்கையாளர் முதல் ஆர்டர். தள்ளுபடி நின்ற பிறகும் கைக்காசு கொடுத்துத் திரும்ப வருகிறாரா என்று பாருங்கள்.

இதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றேன். 2000-ஆம் ஆண்டு, பெயரில் 'சாப்ட்வேர்' என்று இருந்தாலே பங்கு ஏறிய காலம். அப்படி ஒரு கம்பெனியில், தங்கை கல்யாணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தைப் போட்டேன். அதற்கு யார் வாடிக்கையாளர் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. ஒரே வருடத்தில் அந்தப் பங்கை வாங்க ஆளில்லை. அம்மா நகையை அடகு வைத்துக் கல்யாணத்தை நடத்தினோம்.

தொழில்நுட்பம் பொய்யாகிவிடவில்லை, பாருங்கள். இணையம் வந்தது, ஜெயித்தது. அமேசானையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999 டிசம்பரில் 100 டாலரைத் தாண்டியிருந்த பங்கு, 2001 செப்டம்பரில் 6 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. பழைய உச்சத்தைத் தாண்ட 2009 ஆனது. கம்பெனியைச் சரியாகக் கணித்தவர்கூட, விலை உச்சத்தில் வாங்கியிருந்தால் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. மறுபுறம், கூகுள் 1998-இல் தொடங்கி 2004-இல்தான் பங்குச்சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பே லாபம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று 85 டாலருக்கு வாங்கிப் பொறுமையாக வைத்திருந்தவர் எதையும் இழந்துவிடவில்லை. அதனால் 'லேட்டாயிருச்சு' என்ற பயம் வேண்டாம்.

இன்னொன்று, நம் மண்ணின் கதை. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்தது. அந்த மின்சாரம் கோயம்புத்தூருக்கு வந்த பிறகுதான் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அப்புறம் மோட்டார், பம்புசெட். மின்சாரத்தை உண்டாக்காதவர்கள், அதை வாங்கிப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள், இந்த ஊரையே மாற்றிவிட்டார்கள். ஆகவே ஏஐ தயாரிக்கும் கம்பெனியை மட்டும் பார்க்காதீர்கள். அதை வைத்துத் தன் செலவை உண்மையிலேயே குறைத்துக்கொள்ளும் கம்பெனி எது என்றும் தேடுங்கள். அது பழைய தொழிலாகவே இருக்கலாம்.

ஈமு கோழி வளர்ப்பை நாம் மறக்க முடியுமா? தொழில்நுட்பம் இல்லைதான், ஆனாலும் பாடம் ஒன்றே. 2012-இல் பெருந்துறைப் பக்கம் எத்தனை குடும்பங்கள் கலங்கி நின்றன! கொட்டகை போட்டோம், குஞ்சு வளர்த்தோம், மாதாமாதம் பணம் வரும் என்று நம்பினோம்; போட்ட பணமே திரும்பவில்லை. அந்தக் கறியைக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர் யார் என்று மட்டும் நாம் கேட்கவில்லை.

சரி, ரிப்பீட் ஆர்டரை எங்கே பார்ப்பது? ஆண்டறிக்கையில் இருக்கிறது. விற்பனை ஏறியதா என்று பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். பில் போட்டுவிட்டால் பணம் வந்ததாகிவிடாது என்று திருப்பூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விற்பனையைவிடப் பாக்கி வேகமாக ஏறினால் ஒதுங்கி நில்லுங்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கம்பெனி ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

புதுப் பங்கு வெளியீடு என்றால், திரட்டும் பணம் யாருக்குப் போகிறது என்பது வெளியீட்டு ஆவணத்திலேயே இருக்கும். 2021 நவம்பரில் பேடிஎம் திரட்டிய 18,300 கோடி ரூபாயில் 10,000 கோடி, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றதற்குப் போனது. 2,150 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளே 1,600-க்கும் கீழே முடிந்தது. பழைய பங்குதாரர் விற்பதில் தப்பில்லை. ஆனால் விவரம் தெரிந்தவர் விற்கும்போது நாம் ஏன் வாங்குகிறோம் என்று ஒரு ராத்திரி யோசிக்க வேண்டும்.

தோட்டத்தை அடகு வைத்த பணமும், பிள்ளைகள் படிப்புக்கு வைத்த பணமும் இதற்கு வேண்டவே வேண்டாம். மொத்தத்தையும் ஒரே நாளில் போடவும் வேண்டாம்.

நேற்று ராத்திரி தங்கை மகன் போன் செய்தான். அவன் பார்த்து வைத்திருந்த கம்பெனியின் மூன்று வருட அறிக்கையையும் படித்துவிட்டானாம். "மாமா, விற்பனை ஒன்றரை மடங்கு ஏறியிருக்குது, பாக்கி மூணு மடங்கு ஏறியிருக்குதுங்க. இன்னொரு வருசம் பாத்துக்கறனுங்க" என்றான்.

வணக்கம்.