போன் பேச்சைப் பதிவு செய்யலாமா?

நேயர்களுக்கு வணக்கம். வக்கீல் என்று தெரிந்ததும் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "சார், எதிராளிக்குச் சொல்லாமல் போன் பேச்சை ரெக்கார்ட் பண்ணலாமா? கோர்ட்டில் செல்லுமா?" இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பதிவு செய்வது குற்றமா என்பது ஒன்று. நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்குமா என்பது இன்னொன்று. தயவுசெய்து பிரித்தே வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த பழைய வழக்கு ஒன்று உண்டு, மல்கானி வழக்கு. 1964இல் பம்பாயில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு நோயாளி இறந்துபோனார். மரண விசாரணை அதிகாரியான கொரோனர் மல்கானி, அறிக்கை அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்குப் பாதகமில்லாமல் வர வேண்டுமானால் பணம் வேண்டும் என்று இன்னொரு டாக்டர் மூலம் கேட்டார். நடுவில் மாட்டிய அந்த டாக்டர் லஞ்ச ஒழிப்புப் போலீசிடம் போய்விட்டார்! அவருடைய போனிலேயே டேப் ரெக்கார்டரை இணைத்தார்கள். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டர், சட்டைப்பையில் அடங்குகிற சமாச்சாரமா என்ன? கொரோனர் பேசினார், எல்லாம் பதிவானது. போனுக்கும் பொருந்திய தந்திச் சட்டத்தை மீறிய ஒட்டுக்கேட்பு இது என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். 1972இல் தீர்ப்பு வந்தது: பேசியவர்களில் ஒருவரே சம்மதித்திருக்கிறார், கொரோனரை யாரும் மிரட்டிப் பேசவைக்கவில்லை, ஆகவே டேப் செல்லும்.

பேசியவர்களில் ஒருவர். கோடு அங்கேதான் விழுகிறது. உங்கள் பேச்சை நீங்களே பதிந்தால், அதற்காக மட்டும் தண்டிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அடுத்தவர் இருவர் பேசுவதை மூன்றாம் ஆளாகக் கேட்பது வேறு. அரசாங்கமே இஷ்டத்துக்குக் கேட்க முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு மகன் போனில் அப்பா ரகசியமாக ஒட்டுக்கேட்கும் ஆப் போடுவதை என்னவென்று சொல்வது?

கணவன் மனைவி பேச்சு? அந்தரங்க உரிமை பாதிக்கிறது என்று சில உயர் நீதிமன்றங்கள் தள்ளின. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தம்பதிகளுக்கு இடையிலான வழக்கில் ரகசியப் பதிவையும் ஏற்கலாம் என்றது. சாட்சியமாக ஏற்கலாம் என்றுதான். வாட்ஸாப் குழுவில் போடலாம் என்று சொல்லவில்லை! பதிவதற்குத் தடையில்லை என்றால் பரப்பவும் தடையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் அவதூறு வழக்கு வந்து நிற்கிறது.

வெளிநாட்டில் இருப்பவரோடு பேசினால் இன்னும் கவனம். ஜெர்மனியில் அனுமதியின்றிப் பதிந்தால் மூன்று ஆண்டு வரை சிறை. கலிபோர்னியாவில், ரகசியப் பேச்சென்றால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். "பதிவு செய்கிறேன், பரவாயில்லையா?" என்று எடுத்ததுமே கேட்டுவிடுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. பதிவு எந்தக் கருவியில், எப்படி எடுக்கப்பட்டது என்று உறுதி சொல்லும் சான்றிதழைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சரி, சுருக்கமாக. 2024 ஜூலையிலிருந்து, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி பதிவோடு இந்தச் சான்றிதழும் வேண்டும். அதில் ஒரு பகுதியை நிபுணர் நிரப்ப வேண்டும். பதிவை வெட்டி ஒட்டாதீர்கள். அப்புறம், வழக்கு முடியும்வரை அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். வணக்கம்.