மோட்டார்ஹோமுக்கு மைலேஜ் நோட்டு எதற்கு?

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே பாதிப் பேர் கேட்டிருந்தது ஒரே கேள்வி: "அக்கா, வண்டி என்ன மைலேஜ் கொடுக்குது?" லிட்டருக்கு ஏழரை. ஏழரை என்றதும் சிரிக்காதீர்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சேர்த்து 4 டன் எடையோடு ஓடுகிற டீசல் வண்டிக்கு ஏழரை நல்ல காலம்தான்.

ஆனால் இந்த எண்ணைக் கொண்டுபோய் உங்கள் வண்டியோடு ஒப்பிட்டால் ஒன்றும் கிடைக்காது. எடை வேறு, கூரை உயரம் வேறு, ஓட்டுகிற வேகம் வேறு. என் வண்டியின் இந்த மாத எண்ணை அதே வண்டியின் போன மாத எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சினில் சில கோளாறுகள், டாஷ்போர்டில் விளக்கு எரிவதற்கு ரொம்ப முன்னாலேயே டீசல் கணக்கில் தலைகாட்டிவிடும். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

இதோ, இதுதான் என் நோட்டு. கொஞ்சம் டீசல் வாடை அடிக்கும், வீடியோவில் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஒரு வரி. தேதி, ஓடோமீட்டர், எத்தனை லிட்டர், ஹீட்டர் ஓடிய மணி நேரம், கடைசியில் ஒரு குறிப்பு. "எதிர்க்காற்று", "முழுக்க மலை", "தண்ணீர்த் தொட்டி ஃபுல்" என்று இரண்டு வார்த்தை போதும். ஆப்பில் எழுதினாலும் சரிதான். நோட்டில் புரட்டிப் பார்ப்பது எனக்கு வசதி, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. ஃபுல் டேங்க் போட்டு டிரிப் மீட்டரை பூஜ்யமாக்க வேண்டும். ஓட்ட வேண்டும். மறுபடி ஃபுல் டேங்க். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுக்க வேண்டும். சொதப்பல் எங்கே வருமென்றால், அந்த 'ஃபுல்' என்பதில்தான். டீசல் நிரப்பும்போது நுரைக்கும். வேகமாக அடித்தால் நுரை மேலே வந்து பம்ப் சீக்கிரமே கட் ஆகிவிடும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் டேங்கின் மூலையில் காற்று தங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் 2 லிட்டர் வித்தியாசம் சாதாரணமாக வரும். 60 லிட்டர் போடும்போது 2 லிட்டர் பிசகு என்பது 3 சதவீதம், விட்டுவிடலாம். 20 லிட்டர் மட்டும் போட்டால் அதே 2 லிட்டர் 10 சதவீதம் ஆகிவிடும். அதனால் பாதி டேங்காவது காலியாகாமல் கணக்குப் போடாதீர்கள். சமமான தரையில் நிறுத்தி, மெதுவாக அடிக்கச் சொல்லி, முதல் 'டக்' சத்தத்திலேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்ய வேண்டும், அதுதான் முக்கியம்.

சராசரி எடுப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 300 கிலோமீட்டர் சமவெளியில் லிட்டருக்கு 10 கிடைத்தது, அடுத்த 300 மலையில் 5 கிடைத்தது என்று வையுங்கள். சராசரி ஏழரையா? இல்லை. முதலில் 30 லிட்டர், அப்புறம் 60 லிட்டர், மொத்தம் 90. 600 கிலோமீட்டரை 90-ஆல் வகுத்தால் 6.67. மொத்த தூரத்தை மொத்த லிட்டரால்தான் வகுக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோ பார்த்து ஏங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். "கேலனுக்கு 20 மைல்" என்று அமெரிக்காக்காரர் சொன்னால் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். அதையே பிரிட்டன்காரர் சொன்னால் ஏழுதான்.

சரி, நோட்டில் அந்த ஹீட்டர் மணி நேரம் எதற்கு? பல மோட்டார்ஹோம்களில் டீசல் ஹீட்டர் அதே மெயின் டேங்கிலிருந்துதான் டீசல் எடுக்கும். 2 கிலோவாட் ஹீட்டர் சிம்மில் ஓடினால் மணிக்கு சுமார் 0.1 லிட்டர், முழு வேகத்தில் கால் லிட்டருக்குப் பக்கத்தில். ஓர் இரவு முழுக்க ஓடினால் 1 லிட்டரிலிருந்து இரண்டரை லிட்டர் வரை. ஒரே இடத்தில் ஒரு வாரம் நிறுத்திவைத்து இருந்தால் பத்துப் பதினைந்து லிட்டர் ஒரு கிலோமீட்டரும் ஓடாமலே போயிருக்கும். அதைக் கழிக்காமல் வகுத்துவிட்டு "எஞ்சினுக்கு என்ன ஆச்சு" என்று தலையில் கை வைப்பவர்கள் நிறைய. பஸ் அளவு பெரிய வண்டிகளில் ஜெனரேட்டரும் அதே டேங்கில்தான் உறிஞ்சும். அதன் குழாயைப் பெரும்பாலும் சற்று மேலே வைத்திருப்பார்கள். டேங்க் கால் பங்குக்கு இறங்கியதும் ஜெனரேட்டர் நின்றுவிடும், ஊர் போய்ச் சேர டீசல் மிஞ்சும்.

அப்புறம் மலை. இதைக் கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன், எனக்குப் பிடித்த கணக்கு. 4 டன் வண்டியை 1000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 39 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் கிட்டத்தட்ட 36 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாகத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும், மிச்சம் வெப்பமாகப் போய்விடும். அப்படியானால் வெறுமனே உயரம் ஏறுவதற்கே 3 லிட்டர். சமவெளியில் 22 கிலோமீட்டர் ஓட வேண்டிய டீசல் அது. இறங்கும்போது திரும்பக் கிடைக்காதா என்றால், ஓரளவு கிடைக்கும். கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினுக்கு டீசல் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்ரலில் உருட்டினால் ஐடிலிங்குக்கு டீசல் எரியும், எஞ்சின் பிரேக்கும் இருக்காது. மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் நியூட்ரலில் இறங்காதீர்கள்.

வேகம் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், ஒரு எண்ணோடு விடுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 80-லிருந்து 100-க்குப் போனால் எதிர்ப்பு 56 சதவீதம் அதிகம். சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கிற நம் வண்டிக்கு இது தாராளமாக வலிக்கும்.

இப்போது கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன். ஸ்டியரிங்குக்கு அடியில், இந்த மூடிக்குப் பின்னால், 16 பின் உள்ள ஓபிடி போர்ட், அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் விவரங்களைப் படிக்கிற சாக்கெட். இதில் டாங்கிள் என்கிற சின்னக் கருவியை மாட்டினால் அந்த விவரங்கள் ஃபோன் ஆப்பில் தெரியும். வேன் அடிப்படையில் கட்டிய வண்டிகளில் இதுதான் இருக்கும். பெரிய ட்ரக் எஞ்சின் வைத்த வண்டிகளில் பெரும்பாலும் 9 பின் உள்ள வட்டமான கனெக்டர் இருக்கும், ஜே1939 என்பார்கள். அதற்கு வேறு டாங்கிள் வேண்டும். வாங்குவதற்கு முன்னால் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓடாத நாட்களில் டாங்கிளைக் கழற்றி வையுங்கள், சில டாங்கிள்கள் பேட்டரியை மெல்ல மெல்லக் குடிக்கும்.

டாங்கிள் காட்டுகிற டீசல் அளவு, பம்ப் மீட்டர் மாதிரி அளந்து சொல்வதல்ல. டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பது போன்றவற்றை வைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் போடுகிற கணக்கு. ஆப் 57 லிட்டர் என்கிறது, பம்ப் 60 என்கிறது என்றால் திருத்தம் 1.05. ஆப் செட்டிங்கில் அதைப் போட்டுவிட்டால் அடுத்த டேங்கிலிருந்து கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பம்ப் எண்தான் உண்மை, ஸ்கிரீன் எண் அதற்குப் பின்னால்தான்.

ஆனால் டாங்கிளை நான் மாட்டியிருப்பது மைலேஜுக்காக அல்ல. கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம், அதன் வெப்பத்துக்காக.

ஒரு குளிர்காலத்தில் நோட்டில் ஏழரை மெதுவாக ஏழு ஆனது, அப்புறம் 6.8. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் "குளிர்காலம்னா டீசல் வண்டி இப்படித்தான்" என்றார்கள். அதில் பாதி உண்மை. 0 டிகிரியில் காற்று 30 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 11 சதவீதம் அடர்த்தி, அந்தக் காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் முந்தைய குளிர்காலப் பக்கங்களைப் புரட்டினால் இவ்வளவு இறக்கம் இல்லை. ஹீட்டர் மணி நேரத்தைக் கழித்தும் கணக்கு உதைத்தது. டாஷ்போர்டில் வெப்ப முள் எப்போதும் போல நடுவுக்குக் கொஞ்சம் கீழே, அமைதியாக. டாங்கிளை மாட்டிச் சமதளத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பதிவைப் பார்த்தேன். 72 டிகிரி. இந்த எஞ்சின் சூடானபின் 85-லிருந்து 90 வரை நிற்க வேண்டும். இறக்கத்தில் 66 வரை போயிருக்கிறது.

எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு, அதாவது தெர்மோஸ்டாட், மூடாமல் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. பல வண்டிகளில் அந்த முள் சின்ன மாற்றத்துக்கெல்லாம் நகராதபடிதான் அமைத்திருப்பார்கள், ஓட்டுகிறவர் பதறக்கூடாதென்று. அதனால் முள்ளை நம்பினால் எஞ்சின் குளிர்ந்தே ஓடுவது தெரியாது. குளிர்ந்த எஞ்சினுக்கு கம்ப்யூட்டர் கூடுதல் டீசல் கொடுக்கும், ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும். புது தெர்மோஸ்டாட் போட்டபின் அடுத்தடுத்த டேங்குகளில் 7.3, 7.4 என்று ஏறியது.

மைலேஜைவிடப் பெரிய தலைவலி இதில் இன்னொன்று உண்டு. டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடித்துவைக்கிற ஃபில்டர். நிரம்பியதும் எஞ்சின் கூடுதல் டீசலை ஊற்றிச் சைலன்சர் பக்கம் 600 டிகிரி வரை சூடாக்கி அந்தக் கரியை எரிக்கும், ரீஜென் என்பார்கள். கூலன்ட் போதிய சூடு ஏறாவிட்டால் பல வண்டிகளில் ரீஜென் ஆரம்பிக்கவே செய்யாது. ஆரம்பித்த ரீஜெனை நாம் பாதியில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஐடிலிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறி இருக்கிறது, வண்டியை அணைத்தபிறகும் ஃபேன் சுற்றுகிறது, சூடான வாடை வருகிறது என்றால் ரீஜென் நடந்துகொண்டிருந்திருக்கிறது. இன்னும் பத்து இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள்.

ரீஜெனுக்காக ஊற்றுகிற டீசலில் கொஞ்சம் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். அதனால் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கும்போது ஆயில் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இங்கே பாருங்கள், மேல் கோடு இது. ஆயில் இதைத் தாண்டி ஏறியிருந்தால், தொட்டால் தண்ணியாக வழுக்கினால், டீசல் கலந்திருக்கிறது. அந்த ஆயிலோடு நீண்ட பயணம் வேண்டாம்.

அடுத்து பூஸ்ட், அதாவது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற அழுத்தம். ஆப்பில் காட்டுவது பெரும்பாலும் முழு அழுத்தம். எஞ்சின் ஓடாதபோதே கடல் மட்டத்தில் 100 கிலோபாஸ்கல் காட்டும், அது வெளிக்காற்று. டர்போ தருவது அதற்கு மேலே உள்ளது மட்டும்தான். நான் அடிக்கடி போகிற வழியில் ஒரு நீண்ட ஏற்றம் இருக்கிறது. அங்கே அதே கியர், அதே வேகம், முடிந்தவரை அதே எடை. ஏறி முடித்து நிறுத்தியபின் பதிவைப் பார்ப்பேன். ஓட்டும்போது ஸ்கிரீனைப் பார்ப்பதே கிடையாது. வழக்கமாக 230 வருகிற இடத்தில் 190 வந்தால், டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகிற ஹோஸ் எங்கேயாவது விரிசல் விட்டிருக்கிறதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூட்டில் ஆயில் ஈரம் புதிதாகப் படர்ந்திருக்கும், ஏற்றத்தில் 'உஸ்' என்று சத்தம் வரும். பழைய வண்டி என்றால் கரும்புகை காட்டிக்கொடுக்கும். டிபிஎஃப் உள்ள வண்டியில் புகை வெளியே வராது, ஃபில்டர் வாங்கிக்கொள்ளும். முன்பு 400 கிலோமீட்டருக்கு ஒருமுறை வந்த ரீஜென் 200-க்கே வர ஆரம்பிக்கும். அதனால்தான் ரீஜென் வருகிற இடைவெளியையும் நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

எஞ்சினில் எல்லாம் சரியாக இருந்தும் மைலேஜ் விழுந்தால் சக்கரத்துக்கு வாருங்கள். மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் சும்மா நிற்கிற வண்டி, பிரேக் காலிப்பர் இறுகிப்போவது சகஜம். அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்திவிட்டு, தூரத்திலிருந்தே வெப்பம் அளக்கிற சின்ன துப்பாக்கியை நான்கு சக்கரத்துக்கும் காட்டுங்கள். மூன்று 40, ஒன்று மட்டும் 90 என்றால் அங்கே பிரேக் உரசுகிறது. டயர் காற்றழுத்தம் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆட்ப்ளூ, அதாவது புகையின் நச்சைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றுகிற திரவம், அது போடுகிற வண்டியா? அதற்கும் ஒரு கட்டம் போடுங்கள். பொதுவாக டீசலில் 3-லிருந்து 5 சதவீதம் செலவாகும். திடீரென்று அது குறைந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், அதைப் புகைக்குழாயில் தெளிக்கிற பகுதி அடைத்திருக்கலாம்.

உங்கள் வண்டியில் சமதளத்தில், எஞ்சின் நன்றாகச் சூடானபின், கூலன்ட் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று கீழே எழுதுங்கள். எஞ்சின் மாடலும் வண்டியின் எடையும் சேர்த்து எழுதினால் அடுத்த வீடியோவில் வரிசைப்படுத்திக் காட்டுகிறேன். எடையைக் கையில் தூக்கிப் பார்த்த மாதிரி உத்தேசமாகச் சொல்லாமல், எடைப்பாலத்தில் ஏற்றி வந்த சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.