ஐயாவின் சொப்பின் பை

வணக்கம். செத்தவீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி ஒன்று, எட்டுச்செலவு முடிந்த கையோடு மெல்லத் தலைகாட்டும். ஆசுப்பத்திரிக் காசை யார் கட்டுவது?

எங்கள் ஐயா மரணசாதனம், அதாவது உயில், எழுதவில்லை. எழுதச் சொன்னால், "என்னை அனுப்ப அவசரமோ?" என்று சட்டத்தரணியான என்னையே விரட்டியவர். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இருந்தவரை கட்டணம் இல்லை. அப்புறம் தனியார் இடமொன்றுக்கு மாற்றினோம். பில்கள் ஒரு சொப்பின் பை நிறையச் சேர்ந்தன.

சட்டப்படி அந்தக் கடன் இறந்தவருடையது. அவர் விட்டுப்போன ஆதனத்திலிருந்துதான் அதைத் தீர்க்க வேண்டும், மிச்சத்தைத்தான் பங்கு பிரிக்கலாம். பிள்ளை என்பதற்காக மட்டும் உங்கள் சம்பளத்தில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் கையெழுத்து வேறு கதை. ஐயாவை அனுமதித்த இரவு, நீட்டிய படிவத்தில் தம்பி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிட்டான். பணத்துக்குத் தானே பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருந்ததைப் பிறகுதான் பார்த்தோம். சரி, அதன்பிறகு அது அவனுடைய கடனும்தான். ஆகவே பில்லைப் பார்க்க முன்னம் அந்தப் படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் ஒருவர் சொன்னார், அம்மாவின் சீதன வீட்டை ஈடு வைத்துக் கட்டிவிடுவோம் என்று. நல்ல மனம்தான், ஆனால் பிழையான கணக்கு. தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டத்துக்கு, உட்பட்டவர்களுக்கு 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி மனைவியின் சீதனம் அவருடைய தனி ஆதனம், பொதுவாகக் கணவனின் கடனுக்குப் பிணை நிற்காது. ஐயாவுக்குப் பெற்றோர் வழியாக வந்த முதுசம் வேறு, இருவரும் சேர்ந்து தேடிய தேட்டம் வேறு. தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடு இருப்பவருக்கு, மற்றப் பாதி இறந்தவரின் உரிமைக்காரருக்கு. எது எந்த வகை என்று காணி உறுதிகளை எடுத்துப் பார்க்காமல் யாரும் எதையும் விற்கவோ ஈடு வைக்கவோ வேண்டாம்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஐயாவின் வங்கி அட்டை கையில் இருக்கும், இரகசிய இலக்கமும் தெரியும். எடுக்காதீர்கள். தனக்குப் பிறகு பணம் யாருக்கு என்று கணக்கில் பெயர் குறித்திருந்தால், குறிக்கப்பட்டவர் இறப்புச் சான்றிதழோடு போய்க் கேட்கலாம். பெயர் குறிக்காத கணக்கில் பெரிய தொகை என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் நிர்வாகக் கடிதம், அதாவது இறந்தவரின் ஆதனத்தைக் கையாளும் அதிகாரம், பெறவேண்டி வரும். அதைக் கேட்கும் உரிமையில் விதவைக்கு, அல்லது மனைவியை இழந்தவருக்கு, முதலிடம். கனடாவிலிருக்கும் மூத்தவர் முன்னுக்கு நிற்பது வீட்டு வழக்கம், சட்டத்தின் வழக்கம் அல்ல.

அதே மூத்தவர்தான் பாதிப் பணத்தை அனுப்பியுமிருப்பார். யார் எவ்வளவு, எந்தத் திகதியில் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பங்கு பிரிக்கும் நாளில் கழிக்க அது உதவும், சண்டைக்கும் இடம் குறையும்.

அந்தச் சொப்பின் பையை அந்தியேட்டி முடிந்த பிறகுதான் திறந்தேன். மருந்துக்கடைச் சிட்டைகள் பாதி வெளிறி, வெறும் வெள்ளைத் தாளாய்க் கிடந்தன. அந்தக் கடுதாசியில் எழுத்து நிற்காது. வாங்கிய அன்றே பிரதி எடுத்து வையுங்கள். நாங்கள் எடுக்கவில்லை.