பேசத் தெரிந்தால் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலம் பேசும் நாட்டில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பப் போகும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடலாமா?" என்பதுதான். சேருங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பிள்ளை தடுமாறப் போவது பேச்சில் அல்ல. கேன்டீனில் சாப்பாடு கேட்பது, பஸ் விசாரிப்பது, நண்பர்களோடு அரட்டை அடிப்பது எல்லாம் போய் இறங்கிய பிறகு தானாகப் பழகிவிடும். உயிரியல் புத்தகத்தில் நாலு பக்கம் படித்துவிட்டு, புரிந்ததைச் சொந்தமாக எழுதிக் கொடுப்பது வேறு சங்கதி.

கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் இந்த இரண்டு திறமையையும் 1979இல் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். புதிதாகக் குடியேறிய பிள்ளைகளுக்கு அன்றாடப் பேச்சு சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. பாடம் படிக்கும் மொழியில் வகுப்புத் தோழர்களை எட்டிப் பிடிக்க ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகிறது என்கிறார் அவர். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியே ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மொத்தம் நாலு வருடம்தான். கணக்கு இடிக்கிறதல்லவா? அதனால்தான் பாட மொழிக்கான தயாரிப்பை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும் என்கிறேன்.

எப்படி ஆரம்பிப்பது? ஒரு வரைபடத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். செடி மேல் விழும் வெளிச்சம் கூடக் கூட ஒளிச்சேர்க்கையின் வேகமும் கூடுகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் கோடு ஏறாமல் படுத்துவிடுகிறது. இதை வைத்துத் தேர்வில் இரண்டு கேள்வி வரலாம். 'விவரி' (describe) என்று கேட்டால், கோடு முதலில் ஏறுகிறது, பிறகு மட்டமாகிறது என்று வரைபடத்தில் தெரிவதைச் சொன்னால் போதும். 'விளக்கு' (explain) என்று கேட்டால் காரணம் வேண்டும்: வெளிச்சம் தாராளமாக இருந்தும் கார்பன் டை ஆக்சைடோ வெப்பமோ போதாததால் வேகம் அதற்கு மேல் கூடவில்லை. பாடம் முழுக்கத் தெரிந்த பிள்ளைகூட 'விளக்கு' என்ற கேள்விக்கு விவரித்துவிட்டு வந்து, மதிப்பெண் ஏன் குறைந்தது என்று முழிக்கும். விவரி, விளக்கு, ஒப்பிடு, மதிப்பிடு என்ற இந்த ஏவல்களை ஒவ்வொன்றாக எடுத்து, தெரிந்த பாடத்திலேயே பதில் எழுதிப் பழகச் சொல்லுங்கள். உச்சரிப்பைச் சீர்செய்யச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் பலன் பல மடங்கு.

அடுத்தது, காப்பி அடிக்கிற விஷயம். பக்கத்துப் பையனின் தாளைப் பார்த்து எழுதுவது தப்பு என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புத்தகத்திலிருந்து நல்ல வாக்கியம் ஒன்றை எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாமல் கட்டுரையில் வைப்பதும் அங்கே அதே கணக்கில்தான் சேரும். மனப்பாடத்தில் கெட்டியான பிள்ளைகள் இதில் தெரியாமலே மாட்டிக்கொள்வார்கள். வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்ட மென்பொருள் வேறு இருக்கிறது. பழக்கம் வர ஒரு வழி உண்டு. ஒரு பத்தியைப் படிக்க வேண்டும், புத்தகத்தை மூடிவிட வேண்டும், நினைவில் நிற்பதைத் தன் நடையில் எழுத வேண்டும். அப்புறம் திறந்து சரிபார்த்து, கீழே நூலின் பெயரைக் குறிக்க வேண்டும். மூடாமல் எழுதினால் கை தானாக மூல வாக்கியத்துக்கே போய்விடும். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குவதைப் பற்றிக் கேட்கிறீர்களா? ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு விதி; சேர்ந்த முதல் வாரமே விசாரித்துவிடுவது நல்லது.

வகுப்பில் வாய் திறப்பதையும் சொல்ல வேண்டும். அடக்கமாக உட்கார்ந்திருப்பதை மரியாதை என்று நாம் நினைப்போம். ஆசிரியரோ, 'இந்தப் பிள்ளைக்குப் புரிகிறதா இல்லையா?' என்று தெரியாமல் திண்டாடுவார். "நீங்கள் கடைசியாகச் சொன்னது புரியவில்லை, இன்னொரு முறை சொல்ல முடியுமா?" என்ற ஒரு வாக்கியத்தைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகினாலே பாதிக் கஷ்டம் தீரும்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதைப் பலர் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ என்ற பொதுத் தேர்வுக்கான பாடங்கள் பெரும்பாலும் பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் சேர்ந்தாற்போல் நடக்கும். பதினோராம் ஆண்டில் போய்ச் சேர்ந்தால் பாதிப் பாடம் ஓடிப்போயிருக்கும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிப்ளமோ, அதாவது பள்ளி முடித்த சான்றிதழ், வாங்க 30 கிரெடிட் (தேறிய பாடத்துக்குக் கிடைக்கும் அலகு) சேர்க்க வேண்டும், அதோடு 40 மணி நேரச் சமூகப் பணியும் உண்டு. தாமதமாகச் சேர்பவர்கள், பழைய பள்ளியில் படித்ததற்கு எத்தனை கிரெடிட் கிடைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கல்வியாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ தொடங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

விசா சங்கதி இரண்டே வரியில். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அரசு உயர்நிலைப் பள்ளியில் படிக்க 12 மாதம்தான் அனுமதி, அதற்கும் முழுச் செலவைக் கட்ட வேண்டும். பிரிட்டனின் சைல்ட் ஸ்டூடன்ட் விசா, கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளுக்கு மட்டுமே. ஏஜென்ட் வேறு விதமாகச் சொன்னால், அரசின் இணையதளத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பயணம் நிச்சயமானதும் வீட்டிலும் ஆங்கிலம்தான் என்று சட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாய்மொழியில் ஒரு கருத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு, அதையே ஆங்கிலத்தில் படிக்கும்போது புதிதாக வருவது சொற்கள் மட்டும்தான் என்று கம்மின்ஸும் சொல்கிறார். பின்னத்தைப் புரியாமல் ஆங்கிலத்தில் ஒப்பிக்கும் பிள்ளையைவிட, தன் மொழியில் புரிந்து வைத்திருக்கும் பிள்ளை அங்கே சீக்கிரம் தேறும். ஆகவே இப்போது படிக்கும் பள்ளியின் கடைசித் தேர்வு வரை பாடங்களை விட்டுவிடாமல் படிக்கட்டும். மாலையில் ஒரு மணி நேரம் அதே பாடத்தை ஆங்கிலப் புத்தகத்தில் புரட்டிப் பார்க்கட்டும்.

நன்றி, வணக்கம்.