காவேரிப்பட்டணம் மாந்தோப்பில் மரத்தவளை

வணக்கம் நண்பர்களே! கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் நிற்கிறேன். சாயங்காலம் நல்ல மழை. கொஞ்சம் கேளுங்கள்... டக், டக், டக் என்று ஒரு சத்தம் வருகிறதா? அது ஆண் மரத்தவளை. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து துணையைக் கூப்பிடுகிறது. டார்ச்சைக் கண்ணில் அடிக்காமல் சுவரில் அடிக்கிறேன். இதோ, பாருங்கள்!

நம் பக்கம் தேரை என்று சொல்கிற பலவற்றில் இதுவும் ஒன்று. அறிவியல் பெயர் பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ். ஜான் எட்வர்ட் கிரே 1830-இல் விவரித்த இனம், இந்தியாவில் பரவலாக இருக்கிறது. பெண் 7, 8 செ.மீ. வரை வளரும், ஆண் அதைவிடச் சிறியது. இப்போது பழுப்பாகத் தெரிகிறது, வெளிச்சமான பகலில் வெளிறிப்போயிருக்கும். தொடையின் பின்பக்கம் மஞ்சள் புள்ளிகள் இருக்கும், காலை நீட்டும்போதுதான் தெரியும்.

விரல் நுனியைக் கவனியுங்கள், உருண்டையாக வட்டு இருக்கிறதா? அதன் அடியில் நுண்ணிய செல்கள், அவற்றுக்கு நடுவே மெல்லிய வாய்க்கால்கள், அதில் வழவழப்பான திரவம். அந்த ஈரம்தான் இதைச் சுவரோடு ஒட்ட வைக்கிறது. கண்ணாடி ஜன்னலிலும் ஏறிவிடும்.

சரி, இன்றைக்கு நான் காட்ட நினைத்தது இதைத்தான். தொட்டியின் உள்சுவரில், தண்ணீருக்கு மேலே, வெள்ளையாக ஒரு நுரைக் கட்டி தெரிகிறது பாருங்கள். யாரோ சோப்பு நுரையை விட்டுப் போனார்கள் என்று பலர் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது முட்டைகள்! பெண் தவளை முட்டையோடு ஒரு திரவத்தையும் விடும், பின்னங்கால்களால் மோர் கடைவது மாதிரி அதை அடித்து அடித்து நுரையாக்கும். முதுகில் ஆண் ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் நுரையின் வெளிப்பக்கம் காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும், உள்ளே மட்டும் ஈரம் இருக்கும். தண்ணீரில் இருக்கிற மீனுக்கு முட்டை எட்டாது, வெயிலும் உடனே உலர்த்திவிடாது. சில நாளில் பொரிந்து, நுரை இளகியதும் தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகக் கீழே தண்ணீரில் விழும். இதனால்தான் தண்ணீருக்கு நேர் மேலேயே கூடு கட்டுகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

அப்புறம் கோடை. சித்திரை, வைகாசியில் நம் ஊர் எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோல் வழியாகத்தான் உறிஞ்சும். அதனால்தான் அந்த மாதங்களில் பாத்ரூமுக்கும் குடத்தடிக்கும் வந்துவிடுகிறது. இன்னொன்று, தோலில் சுரக்கிற கொழுப்புக் கலந்த திரவத்தைக் கைகால்களால் உடம்பு முழுக்கத் துடைத்துப் பூசிக்கொள்ளும், அது உடம்பின் நீர் வற்றாமல் தடுக்கும். இதே இனத்தை வைத்து இதை ஆராய்ந்து 1997-இல் கட்டுரையே வந்திருக்கிறது. பிறகு காலையும் கையையும் உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடும்.

அப்படி ஒதுங்கி வந்ததன் மேல் உப்பைக் கொட்டுகிறார்களே, அதை நினைத்தால் எனக்கு மனது கேட்பதில்லை. அந்த மெல்லிய தோலில் உப்புப் பட்டால் உடம்பிலிருக்கிற நீரை அது இழுத்துவிடும், துடித்துச் சாகும். தேரை மோந்ததால் தேங்காய் உள்ளே பருப்பில்லாமல் போகிறது என்ற பேச்சும் இங்கே உண்டு. தென்னை வைத்திருக்கிறவர்களே சொல்லுங்கள், மூடிய மட்டைக்குள் இது எப்படிப் போகும்? சத்துக் குறைவும் மகரந்தச் சேர்க்கைக் கோளாறும்தான் காரணம். தவளை தின்பது பூச்சிகளைத்தான். கரப்பான், விட்டில் என்று கிடைத்ததைப் பிடிக்கும். இதைப் பிடித்துத் தின்ன கொம்பேறி மூக்கன் காத்திருக்கும்.

பாத்ரூமில் வந்துவிட்டால் கையை நன்றாக நனைத்துக்கொண்டு மெதுவாக எடுங்கள், உலர்ந்த கையோ சோப்புக் கையோ வேண்டாம். இல்லையென்றால் மக்கை மேலே கவிழ்த்து, அட்டையைக் கீழே நுழைத்து எடுத்துப் போகலாம். இருட்டியதும் ஈரமான செடியடியில் விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள். தொட்டியைக் கழுவியே ஆக வேண்டும் என்றால், நுரையைக் கலைக்காமல் ஒரு அகலமான இலையால் அப்படியே வழித்து, நிழலில் வைத்த வாளித் தண்ணீருக்கு மேலே ஒரு குச்சியில் படுகிற மாதிரி வையுங்கள். வாளியில் மீன் மட்டும் இருக்கக் கூடாது.